அந்த அம்புக்குறியை இனி வரையாதீர்கள்

சென்ற மாதம் திருகோணமலையில் ஒரு மாலை வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பாடம் எடுத்தவர் என்னிடம் உயர்தரப் பொருளியல் படித்த பெடியன், இப்போது ஆசிரியர். கரும்பலகையின் இடது பக்கம் ஒரு வள்ளம், வலது பக்கம் கொழும்புச் சந்தை, நடுவில் தொப்பை வைத்த ஒரு மனிதர், வள்ளத்திலிருந்து சந்தைக்கு நீளமாக ஒரு அம்புக்குறி. "கரையில் ஒரு விலை, கொழும்பில் அதைப்போல இரண்டு மடங்கு. மிச்சம் எங்கே போனது?" என்று கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் தொப்பையைக் காட்டினார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்தப் படத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்தவனே நான்தான்.

பொருளியல் படிப்பிக்கும் நாங்கள் செய்யும் இப்படியான பிழைகள் சிலவற்றைத்தான் கீழே எழுதுகிறேன். கேள்வி (வாங்குவோரின் தேவை) வளையி எந்தப் பக்கம் நகரும், கேள்விக்கும் கேள்வித் தொகைக்கும் என்ன வித்தியாசம் என்பது போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். நாலு பழைய வினாத்தாள் செய்தால் அவை திருந்திவிடும்.

நடுவில் நிற்பவரைத் திருடனாக்குவது

பல வருடங்களுக்கு முன் இதே படத்தை வரைந்து இதே கேள்வியைக் கேட்டேன். வகுப்பு சிரித்தது. இரண்டாம் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுதுவதை நிறுத்தியதை நான் கவனிக்கவில்லை. சில வாரங்களுக்குப் பின் மாணவர் விபரப் படிவங்களைச் சேர்த்தபோது அவளுடைய தாள் கைக்கு வந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மீன் வியாபாரம்' என்று எழுதி, அழித்து, அதன் மேல் 'கடற்றொழில்' என்று எழுதியிருந்தாள். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது.

அவளுடைய தகப்பனைச் சந்தித்தேன். மனுசன் கோபப்படவே இல்லை. "சேர், ஒருநாள் விடியப்புறம் கரைக்கு வாங்கோ" என்றார்.

போனேன். இருட்டோடு ஏலம் முடிந்துவிட்டது. சூரை மீனின் செவுளை விரித்துப் பார்த்து, ஐஸ், மீன், மறுபடியும் ஐஸ் என்று ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளில் அடுக்கினார்கள். வள்ளக்காரர் காசை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மீன் இனி 250 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். வழியில் லொறி நின்றாலும், கொழும்பில் அன்று விலை விழுந்தாலும் நட்டம் அந்தத் தகப்பனுடையது. அவருடைய கொப்பியைப் பார்த்தேன்: ஐஸ், பெட்டி, ஏற்றுக்கூலி, லொறி, கடைசியில் 'பழுது' என்று ஒரு நிரல். அந்த நிரல் வெறுமையாக இருந்த பக்கங்கள் குறைவு.

என் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. விலை வித்தியாசம் முழுவதையும் இலாபம் என்று சொல்லிவிட்டு, இலாபத்தைக் களவு என்றும் சொல்லியிருந்தேன். வள்ளக்காரருக்குக் கொழும்புக்குப் போகும் தொல்லையைவிட விடிய வரும் காசு பெரிது. கொழும்பில் வாங்குபவருக்குக் கையில் இருக்கும் காசைவிட நல்ல மீன் பெரிது. நடுவில் நிற்பவர் அந்த இரண்டு விருப்பத்தையும் சேர்த்து வைத்து, அதன் ஆபத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. சந்தைப் பொருளாதாரத்துக்கு ஒரு அறம் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நிரம்பலையும் (விற்க வரும் அளவு) கேள்வியையும் படிப்பித்தால், பிள்ளைகள் வளையி வரையப் பழகுவார்கள், கூடவே தகப்பனின் தொழிலுக்கு வெட்கப்படவும் பழகுவார்கள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுபக்கத்தை மூடி மறைப்பது

அதற்காக வியாபாரியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அதே கரையில், வலைக்கும் என்ஜினுக்கும் முற்பணம் வாங்கிய ஒருவர் மீன் முழுவதையும் அந்த முற்பணத்தைத் தந்த முதலாளியான சம்மாட்டிக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுத்ததையும் பார்த்தேன். அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. ஆகவே எந்த உதாரணத்தை எடுத்தாலும் பிள்ளைகளிடம் முதலில் இதைக் கேளுங்கள்: இங்கே இரண்டு பேராலும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடிந்தால் அது பரிமாற்றம். ஒருவரால் மட்டும் முடியும் என்றால் அங்கே போட்டி எங்கே தொலைந்தது என்று தேடவேண்டும்.

இதற்கு என்னிடம் உள்ள நல்ல உதாரணம் கேரளாவின் வடக்குக் கரையோரத்தில் நடந்தது. 1997க்கும் 2001க்கும் இடையில் அங்கே கைத்தொலைபேசி வந்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று விசாரித்து, பிடிக்காத விலையை விட்டுவிட்டு வேறு கரைக்கு வள்ளத்தைத் திருப்பினார்கள். ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். மீனவரின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது, வாங்குவோர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது, வாங்க ஆளில்லாமல் மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. ஒருவர் வென்றால் மற்றவர் தோற்கவேண்டும் என்று நம்பும் பிள்ளைக்கு இந்த மூன்றையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

உச்ச விலையை வரைபடத்தோடு விடுவது

உச்ச விலை என்றால் 'இதற்கு மேல் விற்காதே' என்று அரசு போடும் விலை. கேள்வியும் நிரம்பலும் சந்திக்கும் சமநிலைக்குக் கீழே ஒரு கோடு, மிகைக் கேள்வி, பாடம் முடிந்தது. இப்படித்தான் நானும் செய்தேன். நம் பிள்ளைகள் 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய் என்றிருந்தபோது கலனோடு போனவர்கள் வெறுங்கலனோடு திரும்பினார்கள், வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த ஓகஸ்டில் விலை ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. அந்த விலைக்கு அடித்துக்கொண்டு கடலுக்குப் போய் என்ன மிஞ்சும் என்று வீடுகளில் கணக்குப் பார்த்தார்கள். இரண்டையும் சொல்லவேண்டும். 87 ரூபாய் என்ற பலகை யாருடைய அடுப்பையும் எரிக்கவில்லை. விலையை வருடக்கணக்காக அமுக்கி வைத்து ஒரே இரவில் விட்டால் அடி ஏழைக்குத்தான் விழும். வரைபடம் அதன் பிறகு வரட்டும்.

அடம் ஸ்மித்தைச் சுயநலத்தின் தந்தை என்பது

பொருளியலின் முன்னோடியான அவர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒழுக்கவியல் பேராசிரியராக இருந்தவர். அதையும் சொல்லுங்கள்.

பேராசை

இலாபத்துக்கு மறுபெயராக இந்தச் சொல்லைப் பாவிக்காதீர்கள்.

அன்று வகுப்பு முடிந்த பின் அந்தப் பெடியனோடு வாசலில் நின்று கனநேரம் கதைத்தேன். "அப்ப நடுவில என்னத்தை வரையிறது, சேர்?" என்று கேட்டார். கொப்பியைப் பற்றிச் சொன்னேன். அடுத்த கிழமை மறுபடியும் போய் உட்கார்ந்தேன். தொப்பை இருந்த இடத்தில் ஐஸ், பெட்டி, கூலி, லொறி, பழுது என்று ஐந்து நிரல் போட்டு, தொகைகளைப் பிள்ளைகளையே வீட்டில் விசாரித்து வரச் சொல்லியிருந்தார். பழுது நிரலுக்கு மட்டும் எட்டுப் பேர் எட்டுத் தொகையோடு வந்திருந்தார்கள். எது சரி என்று அன்று முழுக்கச் சண்டை பிடித்தார்கள்.