தமிழ் படிக்க வந்த நண்பர்களோடு ஊர் சுற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து தமிழ் படிக்க மதுரைக்கு வருகிறவர்கள் பலர். அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் பல வருடங்களாக இங்கே தமிழ் வகுப்பு நடத்துகிறது; தனியாக ஆசிரியர் வைத்துப் படிக்கிறவர்களும் உண்டு. இவர்களோடு பேசிப் பழகப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் சனி, ஞாயிறு வந்தால் "வாங்க, எங்கயாவது போவோம்" என்று கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் நல்ல மனதோடு செய்கிற சில காரியங்களாலேயே அந்த இரண்டு நாளும் வீணாகிவிடுகின்றன.

முதலில், பஸ்ஸில் நடப்பதைச் சொல்கிறேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி நாகமலைப் புதுக்கோட்டைக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். கண்டக்டர் வருகிறார். படிக்க வந்த பெண் கையில் நூறு ரூபாயை வைத்துக்கொண்டு மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு..." என்று ஆரம்பித்து, எத்தனை டிக்கெட் என்று சொல்வதற்குள் ஒரு நொடி நிற்கிறாள். அந்த ஒரு நொடியில் பின்னாலிருந்து நம் தம்பி கையை நீட்டி "புதுக்கோட்டை நாலுண்ணே" என்று முடித்துவிடுகிறார். டிக்கெட் வந்துவிட்டது, கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார், அவள் நூறு ரூபாயைத் திரும்பப் பையில் வைக்கிறாள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விட்டிருந்தால் கண்டக்டர் "எத்தனை பேரும்மா?" என்று கேட்டிருப்பார், "சில்லறை இல்லையா?" என்று கடிந்திருப்பார், பக்கத்து சீட்டு அம்மா "எந்த ஊரும்மா நீ?" என்று பேச்சைத் தொடங்கியிருப்பார். வகுப்பறைக்குள் எத்தனை மாதம் உட்கார்ந்தாலும் கிடைக்காத தமிழ் அது, அதற்காகத்தான் அவள் கடல் தாண்டி வந்திருக்கிறாள். அவர்கள் தடுமாறினால் தடுமாறட்டும், திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் மட்டும் உதவுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் வேன் வேண்டாம் என்கிறேன். வேனுக்குள் எட்டுப் பேர் ஏறினால் வாசலில் கால் வைத்ததிலிருந்து திரும்பி வரும்வரை ஆங்கிலம்தான் ஓடும். இத்தனைக்கும் அவர்களில் கொரியாக்காரரும் ஜெர்மன்காரரும் இருந்தால் ஆங்கிலம் அவர்களுக்கும் சொந்த மொழி இல்லை. பஸ்ஸிலும் எட்டுப் பேரும் ஒரே இடத்தில் கும்பலாக உட்காராமல் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உட்காரச் சொல்லுங்கள், டீக்கடைக்கும் அப்படியே அனுப்புங்கள். அதே சமயம், பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்திக்கொண்டே வராதீர்கள். புத்தகத் தமிழில் "நான் வருகிறேன்" என்று சொன்னால் சிரிக்கவும் வேண்டாம். நீங்கள் பதிலுக்கு "நானும் வர்றேன்" என்று இயல்பாகப் பேசினாலே போதும், காது பிடித்துக்கொள்ளும்.

அடுத்த பெரிய தவறு தூரம். இரண்டே நாளில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, திரும்புகிற வழியில் காரைக்குடி என்று திட்டம் போடுகிறார்கள். ராமேஸ்வரம் ஒரு வழிக்கே சுமார் 170 கிலோமீட்டர். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஓடி வருவதற்குப் போகாமலே இருக்கலாம். அதற்கு ஒரு நீண்ட விடுமுறையை ஒதுக்குங்கள்.

மொழி படிக்கிறவர்களுக்கு மதுரையைச் சுற்றியே அள்ள அள்ளக் குறையாமல் கிடக்கிறது. சிலைமான் பக்கம் கீழடி இருக்கிறது. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில், 'ஆதன்' என்று தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தில் கீறிய பானை ஓடுகளைப் பற்றி அவர்களையே படித்துத் தெரிந்துகொள்ள விடுங்கள். தமிழ் எழுத்தை அ, ஆ என்று இப்போதுதான் எழுதிப் பழகிய ஒருவர் அந்தப் பழைய எழுத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பார் என்று பாருங்கள், அவசரப்படுத்தாதீர்கள். மேற்கே போனால் கீழக்குயில்குடி சமணர் மலை. அங்கே செட்டிப்புடவு என்ற இடத்தில் பாறையில் செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர் (சமணர்கள் வணங்கும் குரு), மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. மலையடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் ஆலமரமும். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச ஆரம்பித்தால் அய்யனார் கதையே ஒரு மணி நேரம் ஓடும்.

ஆனால் பத்து மணிக்கு எழுந்து பன்னிரண்டு மணிக்கு அந்தப் பாறையில் ஏற்றாதீர்கள். நம் வெயில் நமக்கே தாங்காது, குளிர் நாட்டிலிருந்து வந்தவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறரைக்கு மலையடியில் இருந்தால் ஒன்பதுக்குள் இறங்கி இட்லி சாப்பிடலாம். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி. அழகர்கோயில் போனால் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

கோயில் விஷயத்தில் முன்கூட்டியே பேசிவிடுவது மரியாதை. மீனாட்சியம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். 2018 தீ விபத்துக்குப் பிறகு போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்து அல்லாதவர்களுக்கு மூலவர் சந்நிதிக்குள் அனுமதி கிடையாது என்பது. அதை வாசலில் காவலர் சொல்லி, நாலு பேர் பார்க்கத் தெரிந்துகொள்கிறபோது அவர்கள் முகம் சுருங்கிப் போகும். முந்தின நாளே நீங்கள் சொல்லுங்கள்; பிராகாரமும் ஆயிரங்கால் மண்டபமும் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, செல்பி. முன்பின் தெரியாதவர்கள் வந்து தோளில் கை போட்டுப் படம் எடுக்க முயல்வார்கள், குறிப்பாகப் பெண்களிடம். நம் நண்பர்கள் மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டு நிற்பதைச் சம்மதம் என்று நினைத்து ஒதுங்கி நிற்காதீர்கள். இங்கே மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு பேசலாம். "வேண்டாம்ணே, விடுங்க" என்று நீங்கள் சொன்னால் விலகிவிடுவார்கள்.

வெளியூரில் தங்குவதாக இருந்தால் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கிறதா என்று கிளம்பும்போதே கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சிரமத்துக்கே பல சின்ன லாட்ஜ்களில் ரூம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்குப் போய் நிற்காமல், முதலிலேயே போன் செய்து "வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் தருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கொடைக்கானலுக்குச் சொந்தக் கார், வாடகைக் கார் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பஸ்ஸில் போவதென்றால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள், மாட்டுத்தாவணியில் போய் நின்று காலையைத் தொலைக்காதீர்கள்.

செலவை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் நீங்களே கொடுத்தால் அடுத்த முறை கூப்பிடவே அவர்கள் கூச்சப்படுவார்கள். அப்புறம், திங்கட்கிழமை காலை அவர்களுக்கு வகுப்பு உண்டு. கொடைக்கானல் போயிருந்தால் ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுங்கள், சாயங்காலம் வரை இழுத்தால் சீட் கிடைக்காமல் வத்தலக்குண்டு வரை நின்றுகொண்டே மலை இறங்க வேண்டியிருக்கும்.