இருட்டு அடுக்களைக்கு இரண்டு கண்ணாடி ஓடு

செங்கோட்டையில் நாங்கள் வாங்கிய பழைய ஓட்டு வீட்டில் அடுக்களை பட்டப்பகலிலும் இருட்டு. அரிசியில் கல் பொறுக்கக்கூட விளக்கு போட வேண்டும். சுவரை இடித்து ஜன்னல் வைக்கக் கிளம்பாதீர்கள். கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டு, அதே அளவில் கண்ணாடி ஓடு போடச் சொல்லுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் புகை படிந்து சீக்கிரமே மங்கிவிடும். காய் நறுக்கும் மேடைக்கு மேலே போடுங்கள். எங்களுக்குக் காலை பத்து மணிக்கு முருங்கைக்கீரைக் காம்பு தனித்தனியாகத் தெரிகிறது! ஜூனில் சாரல் பிடிக்கும், அதனால் மே மாதத்திலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

சுவர்க் கரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளை அடியுங்கள். கரி மேலேயே அடித்தால் மஞ்சளாக ஊறி வெளியே வரும். ராத்திரி வெளிச்சத்துக்கு, மேடைக்கு மேலே உள்ள அலமாரியின் அடியில் 4000 கெல்வின் (அதிக மஞ்சளும் நீலமும் இல்லாத வெள்ளை ஒளி) எல்.இ.டி. பட்டை ஒட்டினால், நம் நிழல் அரிவாள்மனை மேல் விழாது.