கூப்பிட்டால் வராத நாய்க்கு

குட்டியாக இருந்தபோது காலையே சுற்றிக்கொண்டு கிடந்த நாய், 6 மாதம் தாண்டியதும் கூப்பிட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வழியே போகிறதா? திமிர் இல்லை, விடலைப் பருவம். பெரும்பாலும் 18 மாதத்துக்குள் அடங்கும், பெரிய இன நாய்களுக்கு 2 வயதுகூட ஆகலாம். அதுவரை திறந்த வெளியில் 5 முதல் 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றை, கழுத்துப் பட்டையில் அல்ல, மார்புப் பட்டையில் மாட்டி விடுங்கள், சுற்றட்டும், மோப்பம் பிடிக்கட்டும். பெயரைச் சொல்லி ஒரே தடவை கூப்பிடுங்கள். பத்துத் தடவை கத்தினால் அந்தச் சொல்லுக்கே மதிப்பு போய்விடும் (நான் அப்படித்தான் கெடுத்து வைத்தேன்). வந்ததும் ஒரு தின்பண்டம், அப்புறம் மறுபடி விளையாட விடுங்கள். கூப்பிட்டாலே வீட்டுக்குத்தான் என்று தெரிந்துவிட்டால் எந்த நாய் வரும்? தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள்.