மனிதர்களை வரைந்து கண்காட்சி வைக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தனிக்காட்சிக்குத் தயாராகும் மூன்று இளம் ஓவியர்களின் படங்களை அண்மையில் பார்த்தேன். மூவரும் எடுத்துக்கொண்டது அக்கம்பக்கத்து மனிதர்களையும் அவர்களுக்குள் இருக்கும் அன்றாட ஒட்டுறவையும்தான். என் முதல் காட்சியில் நான் செய்த தவறுகளை அப்படியே அவர்கள் படங்களிலும் கண்டேன். சட்டம் கோணலாகத் தொங்குவது, பெயர்ச்சீட்டில் எழுத்துப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை பட்டாலே திருந்திவிடும்.

தனித்தனிப் புகைப்படங்களில் இருந்து ஆட்களைச் சேர்ப்பது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. தினமும் மாலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசும் இரண்டு வயதான தோழிகளை வரைந்தேன். ஒருவரை ஒரு நாள், மற்றவரை இன்னொரு நாள் படமெடுத்து வைத்திருந்தேன். கித்தானில் சேர்க்கும்போது நிறச்சமநிலைக்காக இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்தேன். முகச்சாயல் அச்சு அசலாக வந்திருந்தது.

திறப்பு நாளன்று அவர்களில் ஒருவர் வந்தார். படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவள் பேசுவது எனக்குக் கேட்காதே, தம்பி" என்றார். அவருக்கு வலது காது மந்தம். அதனால்தான் தோழி எப்போதும் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, சற்றே சாய்ந்து பேசுவார். அந்தச் சாய்வில்தான் அவர்களுடைய நட்பே இருந்தது. நான் அதை அழித்துவிட்டு இரண்டு முகங்களை மட்டும் வரைந்திருக்கிறேன். அந்தக் காட்சிக்கான மற்ற படங்களிலும் இதே கோளாறு இருந்தது. அடுத்த காட்சிக்கு வந்த அழைப்பைக் கைவிட்டு, ஏழு கித்தான்களைத் திரும்ப வரைந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் போனது.

ஒட்டிச் சேர்த்த படத்தில் ஒளி இரண்டு திசைகளில் இருந்து விழும், பார்வைகள் சந்திக்காது. கைபேசியின் அகலக் கோண லென்ஸ் இன்னொரு பொய்யும் சொல்லும்: பக்கத்தில் இருப்பவர் பெரிதாகவும் பின்னால் இருப்பவர் சிறிதாகவும் தெரிய, இடைவெளி கூடிவிடும். ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருக்கம் என்பதைத்தானே நாம் வரைய வந்தோம்!

தனித்தனியாகப் பயில்வதில் குற்றமில்லை. 1885-ல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்துக்கு முன் டச்சு ஓவியர் வான் கோ விவசாயிகளின் தலைகளை நிறைய வரைந்து பழகினார். ஆனால் அவர்கள் வீட்டுக்கே போய், கூடி உட்கார்ந்திருப்பதையும் வரைந்து பார்த்தார். ஐந்து பேரையும் ஒரே விளக்கின் கீழ் கொண்டுவந்தார். நீங்களும் போய் உட்காருங்கள். யார் யார் பக்கம் சாய்கிறார்கள், கை எங்கே இருக்கிறது, பேச்சு நின்றதும் எங்கே பார்க்கிறார்கள் என்று பென்சிலில் கிறுக்கி வையுங்கள். அப்புறம் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு படத்தையும் தனியாக முடிப்பது

முதல் படத்தின் பழுப்பும் பத்தாவது படத்தின் பழுப்பும் வேறாகிவிட்டால், சுவரில் ஒரு சமூகம் தெரியாது. தொடர்பில்லாத பத்து பேர் தெரிவார்கள். அமெரிக்க ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் 1940–41-ல் அந்நாட்டுக் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்குக்குக் குடிபெயர்ந்ததை 60 பலகைகளில் வரைந்தபோது எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு நிறத்தை அத்தனை பலகைகளிலும் பூசிவிட்டே அடுத்த நிறத்துக்குப் போனார். முழுதாக இல்லாவிட்டாலும் நான்கைந்து படங்களையாவது ஒரே நேரத்தில் வரைந்து வாருங்கள்.

'அன்பு', 'ஒற்றுமை' என்று தலைப்பு வைப்பது

வேண்டாம். என்ன நடக்கிறதோ அதை எழுதுங்கள்.

வரையப்பட்டவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது

சுவரில் மாட்டும் முன் அவர்களிடம் காட்டுங்கள், சம்மதம் கேளுங்கள். அந்தத் தோழிகள் இருவரையும் முன்பே அழைத்திருந்தால் அந்தக் காதைப் பற்றி எனக்குத் திறப்பு நாளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

உட்கார இடமில்லாத அரங்கு

நடுவில் ஒரு பெஞ்சாவது போடுங்கள். அதில் இரண்டு பேர் உட்காரட்டும்.