திரும்பும்போது மாட்டிக்கொண்ட ரெய்டர்

எங்கள் கபடி அணியில் ரெய்டராக, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனாக, ஆடும் ஒரு பையன் நேர் ஓட்டத்தில் மின்னல். ஆனால் பாக் லைனை (எதிரணிப் பக்கத்தில் ரெய்டர் தாண்ட வேண்டிய கோடு) தாண்டித் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிடுவார்கள். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து அது 3.75 மீட்டர்தான், அங்கே வேகத்தைவிட பிரேக் முக்கியம். இவனோ நிமிர்ந்தபடியே வந்து ஒற்றைக் காலில் நிற்கப் பார்த்தான்.

தரையில் விரித்த ஏணிக் கட்டங்களுக்குள் கால் மாற்றி ஓடும் ஏணிப் பயிற்சியை ஓரம் வைத்தேன் (வீடியோவுக்கு அது நன்றாக இருக்கும்). முதலில் ஓடி வந்து நிற்க மட்டும் பழக்கினேன்: இடுப்பைத் தாழ்த்து, கடைசி அடிகளைச் சுருக்கு, திரும்பும் அடிக்கு முந்தைய அடியிலேயே வேகத்தைக் குறை. அது பிடிபட்டதும் 180 டிகிரி திருப்பம். நடுநடுவே நன்றாக மூச்சு வாங்கவிட்டேன். களைத்த காலுக்கு வேகம் பழகாது. அப்புறம் எதிரே ஒருவரை நிறுத்தி, அவர் பாயும் பக்கத்தைப் பார்த்த பிறகே திரும்பச் சொன்னேன்.

இப்போது பிடிபடுவது குறைந்திருக்கிறது. இடது பக்கத் திருப்பம் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம், அதற்குத் தனியாக வேலை நடக்கிறது.