பேரிக்காயை மரத்தில் பழுக்க விடாதீர்கள்

வீட்டுத் தோட்டத்துப் பேரிக்காய் மென்மையாகும்வரை காத்திராமல், காய் கடினமாக இருக்கும்போதே அதைக் கையால் ஏந்திக் கிடைமட்டமாக உயர்த்திப் பாருங்கள். காம்பு கிளையிலிருந்து எளிதாகக் கழன்றால் பறித்து, காகிதத்தில் சுற்றி, வெயில் படாத அறையில் வையுங்கள்.

பேரிக்காய் உள்ளிருந்து வெளியே கனிவதால், மரத்தில் விட்ட பழத்தின் தோல் இளகுவதற்குள் நடுப்பகுதி பழுப்பேறிக் குழைந்துவிடும். சதையிலுள்ள மணல் போன்ற கல்லணுக்களும் கூடுதலாக உறுத்தும். 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில், சீன மணற்பேரியும் ஐரோப்பியப் பேரியும் கலந்து உருவான கீஃபர் என்ற பழைய இனம் இதற்கு நல்ல சான்று: பறித்த பின் ஏறத்தாழ 16 முதல் 18 பாகை செல்சியசில் வைத்தால்தான் அதன் சதை ஓரளவு சாறும் மணமும் பெறுகிறது. இலங்கையின் மலைநகரான நுவரெலியாவில் அந்தக் குளிர்ச்சி வீட்டு அறையிலேயே கிடைப்பதால் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. அவசரமென்றால் பழுத்த வாழைப்பழமொன்றை உடன் வைக்கலாம், அதிலிருந்து வெளிவரும் எத்திலீன் என்ற வாயு கனிதலை விரைவாக்கும். காம்படியை மெதுவாக அழுத்தும்போது சற்று இளகினால் உண்ணலாம். அப்போதும் நறநறப்பு மிகுந்திருந்தால் கறுவாப்பட்டையும் சீனியும் சேர்த்து அவிப்பதே சிறந்தது. கீஃபரைப் பெரும்பாலும் அவ்வாறுதான் பயன்படுத்துகிறார்கள்.

ஆப்பிள் போல உருண்டு மொறுமொறுப்பாக இருக்கும் ஆசியப் பேரிக்கு இது பொருந்தாது. அது மரத்திலேயே முதிர்ந்து, பறித்தவுடன் உண்ணத்தக்கது. முற்றாத பிஞ்சுகளை எவ்வளவு நாள் வைத்தாலும் அவை சுருங்குமேயன்றிக் கனியா.