பழைய டெக்கா ஸ்டீரியோ தட்டு வாங்கறீங்களா, கவரை விட்டுட்டு உள்ள பாருங்க

மேற்கத்திய கிளாசிக்கல்ல ஆரம்பகால ஸ்டீரியோ எல்பி சேக்கணும்னு கிளம்பறவங்க நிறைய பேர் கடைசில இங்கிலாந்து ரெக்கார்ட் கம்பெனி டெக்காவோட எஸ்எக்ஸ்எல் 2000 சீரிஸ்லதான் வந்து விழுவாங்க, நானும் அப்படித்தான் விழுந்தேன். 1958ல வர ஆரம்பிச்சது, ஆர்கெஸ்ட்ராவை நடத்தற கண்டக்டர் தலைக்கு மேல டி வடிவக் கம்பியில மூணு மைக்கைத் தொங்கவிட்டு (அதைத்தான் டெக்கா ட்ரீன்னு சொல்றது) லண்டன் கிங்ஸ்வே ஹால், ஜெனீவா விக்டோரியா ஹால்னு நல்ல ஹாலா பாத்து எடுத்தாங்க, அந்த ஹாலோட காத்தே தட்டுல கேக்கும்.

முதல்ல லேபிள், அதான் தட்டு நடுவுல இருக்கற வட்டக் காகிதம். குறுக்கால ஓடற வெள்ளிப் பட்டை அகலமா இருக்கணும், விரல் நகத்தை வச்சு இழுத்தா லேபிள்ல ஒரு வட்டப் பள்ளம் தட்டணும். விளிம்பு எழுத்து ‘ஒரிஜினல் ரெக்கார்டிங் பை’ன்னு தொடங்கினா முதல் வகை, ‘மேட் இன் இங்கிலாண்ட்’னா அதுக்கடுத்தது. பட்டை ஒல்லியா இருந்தா 1970க்கு அப்புறம் அடிச்சது. நான் ஒரு தடவை கண்டக்டர் ஆன்செர்மே நடத்தின, ஃபாயா இசையமைச்ச ‘மூணுமுனைத் தொப்பி’, எஸ்எக்ஸ்எல் 2296, கவர் பளபளன்னு இருக்கேன்னு பிரிச்சுக்கூட பாக்காம வாங்கிட்டு வந்தேன், வீட்ல எடுத்தா உள்ள ஒல்லிப் பட்டை. கடைக்காரர் மேல கோவம் வரல, என் மேலதான் வந்துச்சு.

இப்ப முக்கியமான இடம். இசை முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி வழுவழுன்னு ஒரு வளையம் இருக்கும்ல, அதை டார்ச் அடிச்சுப் பாருங்க. இசட்ஏஎல்னு ஒரு நம்பர், கடைசில 1ஈ, 2ஜி மாதிரி வரும், எண் மூலத் தட்டை எத்தனாவது தடவை வெட்டினதுன்னும், எழுத்து அதை வெட்டின இன்ஜினியர் யாருன்னும் சொல்லும். இந்த நம்பரைக் கீழ வர்ற மாதிரி பிடிச்சா வலது பக்கம் தனியா ஒண்ணு ரெண்டு எழுத்து இருக்கும், அதுதான் ஸ்டாம்பர் எண், அதாவது தட்டை அடிச்ச அச்சோட எண், பக்கிங்ஹாம்ங்கற வார்த்தையோட பத்து இங்கிலீஷ் எழுத்துதான் சாவி, பி 1, யு 2, சி 3, கே 4ன்னு போய் எம் 0. ‘கே என்’னு இருந்தா 46. நம்ம சென்னை கால்வாய் பேரை எழுத்துக்கூட்டத் தெரிஞ்சா போதும், சின்ன எண்ணா இருந்தா முன்னாடியே அடிச்ச தட்டு, சந்தோஷம்.

ஆனா எண்ணை விட தேய்மானம் முக்கியம். அந்தக் காலத்து கனமான ஊசி, மோனோ ஊசிய வச்சு ஓட்டியிருந்தா ஊசி ஓடற க்ரூவ் நாசமாயிருக்கும், கண்ணுக்குப் புதுசு மாதிரியே தெரியும். அதனால ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி ரெண்டு நிமிஷம், ஆர்கெஸ்ட்ரா முழுசா முழங்கற இடத்தைப் போடச் சொல்லிக் கேளுங்க, கரகரன்னுச்சுன்னா எவ்வளவு கழுவினாலும் போகாது, வச்சுட்டு வந்துடுங்க.

விலை ஒத்துவரலையா, அமெரிக்காவுக்காக அதே இங்கிலாந்து ஃபேக்டரில அடிச்ச லண்டன் சிஎஸ் 6000 சீரிஸ் தேடுங்க, இல்ல ஏஸ் ஆஃப் டைமண்ட்ஸ்னு வந்த மறுவெளியீடு. கவரைக் காட்டி பெருமை அடிச்சுக்க முடியாது, அவ்வளவுதான்.